பென்னிகுவிக் விட்டுச்சென்ற கணக்கு

மதுரை, தேனி மாவட்டங்களில் நாளிதழ் வாங்கும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. அரசியலையும் விளையாட்டையும் புரட்டுவதற்கு முன்னால், உள்ளூர்ப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு கட்டத்தைப் பார்த்துவிடுவார்கள். முல்லைப்பெரியாறு அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. அடுத்த வரியில் வைகை அணை. அதன் கீழே தேக்கடியில் பெய்த மழை. என் தந்தை இதைப் படித்த பிறகுதான் காபியை வாயில் வைப்பார். எங்கள் வீட்டில் ஒரு குழி நிலமும் கிடையாது. ஆனாலும் அந்த எண் ஏறினால் அவர் முகம் தெளியும். இறங்கினால் பேச்சு குறையும்.

பழங்காநத்தத்தில் குடியிருக்கும் நான், பொறியியல் மாணவர்களுக்கு நீரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இன்றும் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் தேடுகிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜான் பென்னிகுவிக் நினைவுக்கு வருகிறார். மேலூர்ப் பக்கம் இருந்த என் அம்மாச்சி வீட்டில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருந்தது. அணை கட்டப் பணம் போதாமல் போனபோது அந்த வெள்ளைக்காரத் துரை தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்று அம்மாச்சி சொல்லுவார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பின்னாளில் அவர் வாழ்வைத் தேடிப் படித்தபோது, கதையில் இல்லாத வேறொரு பென்னிகுவிக்கைக் கண்டேன். நாம் இன்று அதிகம் நினைவில் வைத்திருக்க வேண்டியவர் அந்த இரண்டாமவர்தான் என்பது என் எண்ணம்.

1841 ஜனவரி 15 அன்று புணேயில் பிறந்தவர் பென்னிகுவிக். தந்தை ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் தந்தையும், பதினேழு வயதே ஆன அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் உயிரிழந்தனர். தம்பி ஜானுக்கு எட்டாவது பிறந்த நாள் வருவதற்கு இரண்டு நாள்கள் இருந்தன. அந்தக் குடும்பத்துப் பிள்ளை மீண்டும் ராணுவத்துக்கே சென்றான்; ஆனால், பொறியாளனாகச் சென்றான். இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும் அடிஸ்கோம் ராணுவப் பயிற்சிப் பள்ளியிலும் படித்து, சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860-இல் இந்தியா வந்தார். 1868-இல் அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றார். அதன் பிறகு அவர் வாழ்வின் பெரும் பகுதி சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் கழிந்தது.

அவர் கைக்கு வந்தபோது பெரியாற்றுத் திட்டம் புதியதாக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அரபிக் கடலுக்குப் போகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம், 1789-இல் ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்பப் பிள்ளைக்கே இருந்தது. அவர் ஆள்களை அனுப்பிப் பார்க்கச் செய்தார். பொருள் வசதி இல்லாததால் அது அத்துடன் நின்றது. 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலப் பொறியாளர் மட்டம் பார்த்துவிட்டு, இது நடவாத கனவு என்று அறிக்கை கொடுத்தார். 1850-இல் சிறிய அளவில் தொடங்கிய ஒரு வேலையும் பாதியில் நின்றது.

கால்டுவெல்லை அவநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அவர் பார்த்த மட்டம் பொய் சொல்லவில்லை. ஆறு இருக்கும் உயரத்திலேயே அதைக் கிழக்கே கொண்டுவர வேண்டுமென்றால், நீர்ப்பிரிமேட்டை மிக ஆழமாக வெட்டியாக வேண்டும். அவருடைய கேள்விக்கு அவருடைய விடை சரியே. பின்னால் வந்தவர்கள் கேள்வியை மாற்றினார்கள். மலையைத் தாழ்த்துவதற்குப் பதிலாக ஆற்றை உயர்த்தினால் என்ன? அணை கட்டி நீர்மட்டத்தை ஏற்றி, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சுரங்கம் குடைந்தால் நீர் தானாகவே கிழக்கே இறங்கும். முல்லைப்பெரியாறு அணையின் அடிப்படை இதுதான். ஏறத்தாழ 104 அடி வரையிலான நீர் அங்கேயே நிற்கிறது. அதற்கு மேல் ஏறும் நீரே நமக்கு வருகிறது. நீரைத் தேக்குவதைவிட நீரைத் தூக்குவதே அந்த அணையின் முதல் வேலை.

கேள்வி மாறியதும் தேவைப்பட்ட கணக்கும் மாறியது. மட்டம் மட்டும் போதாது. எவ்வளவு நீர் வரும் என்பது தெரிய வேண்டும். அணைக்கு மேலே நீர்ப்பிடிப்புப் பகுதி எவ்வளவு? அங்கே ஆண்டில் எத்தனை அங்குல மழை? அதில் மண் குடித்தது, மரம் குடித்தது, வெயில் குடித்தது போக ஆற்றுக்கு வந்து சேர்வது எத்தனை பங்கு? மழை பொய்க்கும் ஆண்டில் எவ்வளவு? பெருவெள்ளத்தில் ஒரு விநாடிக்கு எவ்வளவு? முதல் நான்கும் பாசனத்துக்கு உரிய கேள்விகள். கடைசியானது அணையின் உயிருக்கு உரிய கேள்வி.

இன்றைய கணக்கில் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி 624 சதுர கிலோமீட்டர். என் வகுப்பில் மாணவர்களை முதலில் செய்யச் சொல்லும் பெருக்கல் இது: அந்தப் பரப்பு முழுவதும் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு நீர்? 62 லட்சத்து 40 ஆயிரம் கன மீட்டர். அதாவது, சுமார் 22 கோடி கன அடி. ஒரு சொட்டும் வீணாகாமல் ஒரே நாளில் அணைக்கு வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 2,550 கன அடி. ஆனால், கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டில் முதல் மழை பெய்யும்போது நாளிதழில் அப்படி ஓர் எண் வராது. மண் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகே ஆற்றை நினைக்கும். ஜூலையில் ஊறிப்போன காட்டில் அதே ஒரு சென்டிமீட்டர் பெய்தால் நீர்வரத்து சட்டென்று எகிறும். பெய்த மழைக்கும் வழிந்தோடி வரும் நீருக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைப் பிடிப்பதுதான் நீரியலின் பாதிப் பாடம். பென்னிகுவிக்கின் காலத்தில் இந்தியாவில் அந்தப் பாடம் அப்போதுதான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1870-களில் நாகபுரிக் குடிநீர்த் திட்டத்துக்காக அலெக்சாண்டர் பின்னி என்ற பொறியாளர் மழையையும் ஏரிக்கு வந்த நீரையும் ஒப்பிட்டு எழுதியது, நெடுங்காலம் நம் நாட்டுப் பொறியாளர்களின் கையேடாக இருந்தது.

மழை வேறுபாடே இத்திட்டத்தின் முதலீடு. மதுரைக்கு ஆண்டில் சராசரியாக 85 சென்டிமீட்டர் அளவில் மழை. அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில். மலைக்கு அப்பால் பெரியாற்றுப் பள்ளத்தாக்கில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதுவும் நமக்கு வானம் வெளுத்திருக்கும் ஆனி, ஆடியில். ஒரு பக்கம் பருவம் தவறினாலும் மறு பக்கம் கைகொடுக்கும். இதை ஏட்டில் காட்டிய பிறகும் அரசு அசையவில்லை. அசைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். பஞ்ச நிவாரணத்துக்குச் செலவழிப்பதைவிடப் பஞ்சத்தைத் தடுப்பதற்குச் செலவழிப்பது லாபம் என்று ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. இதில் கருணை மட்டும் இல்லை. தண்ணீர்த் தீர்வையும் நிலவரியும் இருந்தன. அந்த ஆட்சி அதைத் தன் வரவுசெலவுக் கணக்காகவே பார்த்தது.

1882-இல் திட்டத்தைத் திருத்தி மதிப்பீடு தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. முந்தைய பொறியாளர்கள் எண்ணியிருந்த மண் அணையை விட்டு, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த எடை அணையை அவர் முன்வைத்தார். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887-இல் வேலை தொடங்கியது.

அடுத்த எட்டு ஆண்டுகள் காட்டில் கழிந்தன. அணை எழும் இடத்துக்குச் சாலை கிடையாது. பொருள்கள் மாட்டு வண்டியிலும் கம்பிவடத்திலும் படகிலும் மாறி மாறிச் சென்றன. ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்துக் கட்டிய கரைகளை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. காய்ச்சல் காலத்தில் ஆள்கள் நிற்கவில்லை. நோயால் நானூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. பலரது கல்லறைகள் அணைக்கு அருகிலேயே உள்ளன. அவர்கள் பெயர்கள் எந்த வீட்டுச் சுவரிலும் மாட்டப்படவில்லை. ஒரு மைலுக்கும் சற்று நீளமான சுரங்கம் குடையப்பட்டது. ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். சுருளியாறு வழியாக வைகையில் கலந்த பெரியாற்று நீர், பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூர்ச் சீமைக்குப் போனது. என் அம்மாச்சி வீட்டுச் சுவரில் அவர் படம் ஏறியது அந்தத் தண்ணீரால்தான்.

இனி, நகை விற்ற கதை. திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி 1899-இல் எழுதிய திட்ட வரலாறும் அரசு ஆவணங்களும் காட்டுவது, அரசு ஒப்புதலுடன் அரசுப் பணத்தில் நடந்த ஒரு வேலையைத்தான். இதைச் சொன்னால் எங்கள் உறவினர்கள் சிலர் என்மேல் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. தண்ணீர் கண்ட ஊர், தண்ணீர் தந்தவனுக்குத் தன்னிடம் உள்ள உயர்ந்த அணிகலனைப் பூட்டிப் பார்க்கிறது. தாலிக்கொடியை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய்மார்களின் ஊரில், தியாகத்துக்கு வேறு அளவுகோல் இல்லை. அந்த நன்றியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், நகையைக் கழற்றிப் போட்டால் ஆறு திரும்பிவிடாது. தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் ஏட்டில் எழுதி, ஆண்டுக்கணக்கில் ஒரே கணக்கைத் திருத்தித் திருத்திப் போட்ட பொறுமை திருப்பியது. அந்தப் பொறுமைக்குப் படம் இல்லை. ஆகவே, பாட்டும் இல்லை.

அணை திறந்த பின் பென்னிகுவிக் தாயகம் திரும்பி, கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1896 முதல் 1899 வரை இருந்தார். பெரியாற்றைத் திருப்பியதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை லண்டன் சிவில் பொறியாளர் கழகம் வெளியிட்டது. 1899-இல் அவரை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு அழைத்தது. 1893-இல் பிரிஸ்பேன் நகரை மூழ்கடித்த வெள்ளம் மீண்டும் வராமலிருக்க என்ன செய்யலாம் என்பதைப் பற்றிக் கருத்துக் கேட்டது. தண்ணீர் இல்லாத சமவெளிக்குக் கணக்குப் போட்டவர், தண்ணீர் மிகுந்த நகரத்துக்குக் கணக்குப் போடப் போனார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார். அவர் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருவதால், தேனி மாவட்ட ஊர்களில் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். 2013-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுந்தது. 2022-இல் கேம்பர்லியிலும் தமிழக அரசு சிலை வைத்தது.

சிலை நிலையாக நிற்கும், கணக்கு நிற்காது. பென்னிகுவிக்கின் வெள்ளக் கணக்கே பின்னாளில் திருத்தப்பட்டது. 1979-இல் அணையின் பாதுகாப்பு குறித்து எழுந்த அச்சத்தால் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணை பலப்படுத்தப்பட்டது. உபரிநீர்ப் போக்கியின் மதகுகள் 10-லிருந்து 13 ஆயின. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006-இலும், பின்னர் 2014 மே 7 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு மாநிலங்களும் வழக்கறிஞர்கள் வழியாக வாதிட்டதில் பெரும் பகுதி, பென்னிகுவிக் கேட்ட அதே கடைசிக் கேள்விதான்: பெருவெள்ளத்தில் விநாடிக்கு எவ்வளவு நீர் வரும்? அதற்கு விடை எந்த மாநிலத்தின் உணர்ச்சியிலும் இல்லை. மழைமானியிலும் மட்ட அளவுகோலிலும் இருக்கிறது. கீழே வாழும் கேரள மக்களின் அச்சமும், கிழக்கே வாழும் நம் மக்களின் தேவையும் ஒரே மேசையில் அமர வேண்டுமென்றால், இருவரும் நம்பும் அளவீடு ஒன்று வேண்டும்.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன். லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் வழியாக மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் பெரியாற்று நீரைக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி எங்கள் பகுதியில் பேசாத வீடு இல்லை. மாநகருக்கு அது தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. தண்ணீர் லாரியின் ஒலிப்பானுக்குக் குடத்தோடு ஓடியவர்களில் நானும் ஒருவன். ஆனால், அந்த நீரைக் கன அடியில் சொன்னால் விநாடிக்குச் சுமார் 51; ஆண்டு முழுவதும் எடுத்தால் ஏறத்தாழ 1.6 டிஎம்சி. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் அது சிறு துளி. அணை 110 அடியில் தவிக்கும் ஆண்டிலும் குழாய் அதே 51-ஐக் கேட்கும். ஏனென்றால், நகரத்தின் தாகம் பருவமழையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் கவலைப்பட்டது இதற்காகத்தான். அவர்களைக் குடிநீருக்கு எதிரானவர்கள் என்று சொல்வது நியாயமன்று. குறைவான ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை, அந்த ஆண்டு வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழங்காநத்தத்தை அடுத்து மாடக்குளம் கண்மாய் இருக்கிறது. பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இந்த நகரத்தை மாடக்குளக்கீழ் மதுரை என்று குறிப்பிடுகின்றன. ஒரு பேரூருக்கு முகவரியாகவே ஒரு கண்மாய் இருந்த காலம் அது. நான் சிறுவனாக இருந்தபோது அதன் கீழே வயல் இருந்தது. இன்று தெருக்கள் இருக்கின்றன. வைகையிலிருந்து கால்வாய் வழியாக அதற்கு நீர் வருகிறது. ஓர் ஆண்டில் எவ்வளவு வருகிறது, சுற்றியுள்ள குடியிருப்புகளில் பெய்யும் மழையில் எத்தனை பங்கு அதைச் சேர்கிறது, எத்தனை பங்கு சாக்கடையோடு கிருதுமால் ஓடைக்குப் போகிறது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் விடை இல்லை. நிறைந்தால் மறுகால் பாய்வதைப் பார்க்கிறோம். வற்றினால் கிரிக்கெட் ஆடுவதைப் பார்க்கிறோம். இடைப்பட்டது எதுவும் எங்கள் காதுக்கு வருவதில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அணையின் மட்டத்தை அடியளவில் சொல்லும் நாங்கள், வாசலில் உள்ள கண்மாயின் மட்டத்தைக் கையை விரித்துக் காட்டுகிறோம்.

கூரையும் சாலையும் மூடிய நகரத்தில் மண் குடிப்பது குறைவு; வழிந்தோடும் பங்கு அதிகம். அதாவது, நகரம் வளர வளர மாடக்குளத்துக்கு வரக்கூடிய மழைநீர் கூட வேண்டும். கூடுகிறதா என்று தெரிந்துகொள்ள வரத்துக் கால்வாயில் ஓர் அளவுகோலும், மதகருகே ஒரு மட்டக் கல்லும், ஒரு மழைமானியும், நாள்தோறும் காலை ஆறு மணிக்குக் குறித்துக்கொள்ள ஓர் ஆளும் போதும். அணை நீர்வரத்தே அப்படித்தான் கிடைக்கிறது: நேற்றைய மட்டம், இன்றைய மட்டம், இடையில் வெளியேற்றியது எவ்வளவு என்ற கழித்தலும் கூட்டலும். ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்களே இதைச் செய்யலாம். பத்து ஆண்டுப் பதிவு சேர்ந்தால், மாநகரின் குடிநீர்த் திட்டத்தில் மாடக்குளத்தின் பங்கு என்ன என்பதை ஊகமாக இல்லாமல் எண்ணாகச் சொல்லலாம். மலையிலிருந்து கேட்கும் 51 கன அடியில் எத்தனையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் அப்போது தெரியும்.

வரும் ஜனவரி 15 அன்று மீண்டும் மாலைகள் விழும், பொங்கல் பொங்கும். பொங்கட்டும். என் அம்மாச்சி இருந்திருந்தால் முதல் கைப்பிடி அரிசியை அவர்தான் போட்டிருப்பார். அதோடு, நாளிதழின் அந்தச் சிறு கட்டத்தில் முல்லைப்பெரியாறு, வைகை என்ற வரிகளுக்குக் கீழே மாடக்குளம் என்று மூன்றாவதாக ஒரு வரி வர வேண்டும் என்பது என் ஆசை. நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி. கணக்குப் போட்டு வாழ்ந்த ஒரு மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான மாலை எனக்குத் தோன்றவில்லை.